பொய்யாக வேண்டிய மனு

டீச்சரம்மா படியேறி வருகிறார் என்று தெரிந்தால் எங்கள் தாலுகா ஆபீசில் பாதிப் பேருக்கு உடனே டீ குடிக்கத் தோன்றிவிடும். பின்வாசல் வழியாக ஒவ்வொருவராக நழுவிவிடுவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. நான் தபால் செக்‌ஷன். யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் வாங்கி, முத்திரை குத்தி, நம்பர் போட்டு, உரிய மேசைக்கு அனுப்ப வேண்டியவன். திருவண்ணாமலையில் எழுபதுகளின் கடைசியில் நான் பார்த்த முதல் அரசாங்க உத்தியோகம் அது.

"இன்னா தம்பி, எல்லாரும் டீக்குப் போயிட்டாங்களா?" என்று கேட்டபடி குடையை என் மேசைக்காலில் சாய்த்து வைப்பார். வெயிலோ மழையோ அந்தக் குடை இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. மொடமொடவென்று கஞ்சி போட்ட நூல் புடவை, வலது உள்ளங்கை ஓரத்தில் சாக்பீஸ் மாவு. கடலை பிடுங்குகிற காலமானால் பையில் அவித்த வேர்க்கடலை இருக்கும். மேசைமேல் பேப்பர் விரித்துக் கொட்டிவிட்டுச் சொல்வார்:

"இது லஞ்சம் இல்ல தம்பி. லஞ்சம்னா வறுத்து எடுத்தாந்திருப்பேன்."

அப்புறம்தான் மனு வெளியே வரும். அவர் மனுக்களைப் படிப்பதே ஒரு சுகம். மற்றவர்கள் மனுவில் முதல் வரியிலேயே அழுவார்கள், இரண்டாவது வரியில் சாபம் விடுவார்கள். டீச்சரம்மா மனுவோ கல்யாணப் பத்திரிகை மாதிரி மங்களகரமாக இருக்கும். மழை நன்றாகப் பெய்ததற்குக் கலெக்டருக்கு நன்றி சொல்லித் தொடங்குவார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சௌக்கியம் என்பார். நடுவில், சாம்பாரில் கிடக்கிற ஒற்றை முருங்கைக்காய் போல, புகார் ஒரே ஒரு வரி இருக்கும். கடைசியில், தங்கள் குடும்பத்தார் நலமாக இருக்க வேண்டும் என்று முடித்துவிடுவார். இப்படிப்பட்ட மனுவைக் குப்பையில் போட யாருக்கும் கை வராது.

எதற்கு வேண்டுமானாலும் மனு போடுவார். அவர் பிறந்த காலனி வாசலில் பஸ் நிற்காது, கொஞ்சதூரம் தள்ளி ஊர் முனையில்தான் நிற்கும். அதற்கு ஒரு மனு போட்டார். காலனி எதிரே ஸ்டாப்பிங் அனுமதிக்கப்படவில்லை என்று பதில் வந்தது. அதற்கும் நன்றி சொல்லி இன்னொரு மனு எழுதினார். தினமும் காலையில் ஒரு பெரிய மனிதர் வீட்டு வாசலில் டிரைவர் வண்டியை நிறுத்தி மோர் குடிக்கிறாரே, அந்த ஸ்டாப்பிங்கை அனுமதித்த உத்தரவின் நகல் கிடைக்குமா என்று அதில் கேட்டிருந்தார். நகல் வரவில்லை. மறுவாரமே பஸ் காலனி வாசலில் நிற்க ஆரம்பித்தது. டிரைவரின் மோருக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

ஆனால் அவருடைய பெரிய மனு டீக்கடை மனுதான்.

அவர் வேலை பார்த்த ஆரம்பப்பள்ளி கீழ்பென்னாத்தூர் போகிற வழியில் ஒரு கிராமத்தில் இருந்தது. ஊர்ப்பேர் வேண்டாம், இப்போது எனக்கு அங்கே சம்பந்தி வீடு இருக்கிறது. பள்ளிக்கு எதிரே டீக்கடை. கடைப் பந்தல் காலில் ஆணியடித்து நாலைந்து கண்ணாடிக் கிளாஸ் தொங்கும். அவை காலனிக்காரர்களுக்கு. அவர்களே எடுத்து, அவர்களே கழுவி, பந்தலுக்கு வெளியே நின்று நீட்ட வேண்டும். கடைக்காரர் கை உயர்த்தி மேலிருந்து ஊற்றுவார். ஊர்க்காரர்களுக்கு உள்ளே பெஞ்சு, வேறு கிளாஸ்.

நாலரை மணிக்குப் பள்ளி விட்டால், பஸ் வரும்வரை டீச்சரம்மாவுக்குப் போக வேறு இடம் கிடையாது. அவர் காலனிப் பெண். ஆனால் டீச்சர். கடைக்காரர் மகள் அவரிடம்தான் மூன்றாம் வகுப்பு படித்தாள். இவருக்கு ஆணிக் கிளாஸில் எப்படிக் கொடுப்பது, உள்ளே பெஞ்சில் எப்படி உட்கார வைப்பது? கடைக்காரர் நாலு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். டீச்சருக்கென்றே தனியாக ஓர் எவர்சில்வர் டம்ளர், பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஓர் இரும்பு நாற்காலி.

"நீங்களே சொல்லுங்க சார்" என்று பிற்பாடு என்னிடம் முறையிட்டார் அவர். "எங்க கல்யாணத்துக்குச் சீரா வந்த டம்ளர் அது. எங்க மாமனாருக்குக்கூட அதுல குடுத்தது இல்ல. டீச்சருக்குன்னு எடுத்து வெச்சேன். இது ஒரு தப்பா?"

மனுஷர் உண்மையிலேயே மனம் நொந்து போயிருந்தார். அந்த டம்ளரையும் குடித்தபின் டீச்சரே கழுவி, கடையோரத்து மதில்மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது மட்டும் அவருக்கு ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. டீச்சரம்மா மனுவின் முருங்கைக்காய் வரி இதுதான்: "எனக்குக் காட்டப்படும் மரியாதை ஜாஸ்தியாக இருக்கிறது. அதைக் குறைத்து, ஊர்க்காரர்களுக்குக் கொடுக்கும் கண்ணாடிக் கிளாஸையும் பெஞ்சையும் காலனியார் எல்லோருக்கும் எனக்கும் தர ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்."

போலீசுக்குப் போனால் சட்டமே இருக்கிறதே என்று நான் கேட்டேன்.

"கேஸ் ஆவும், அவரு உள்ள போவாரு. அவரு பொண்ணு நாளைக்கு என் எதிர்ல குந்தி எப்படி வாய்ப்பாடு சொல்லும்? அவரு உள்ள போறது எனக்கு வேணாம் தம்பி. நான் கடைக்குள்ள போவணும், அவ்ளோதான்."

அந்த மனுவை வேலூர் கலெக்டருக்கு அனுப்பினார். அப்போது எங்களுக்கு ஜில்லா தலைநகர் வேலூர்தான். கலெக்டர் ஆபீஸ் அதைச் சப் கலெக்டருக்கு அனுப்பியது. சப் கலெக்டர் ஆபீஸ் தாசில்தாருக்கு அனுப்பியது. தாசில்தார் ரெவின்யூ இன்ஸ்பெக்டரான ஆர்.ஐ.க்கு அனுப்பினார். ஆர்.ஐ., விசாரித்து அறிக்கை தரும்படி அந்த ஊர் மணியக்காரருக்கு அனுப்பினார். மணியக்காரர் யார்? டீக்கடைக்காரரின் சொந்த மைத்துனர்.

இதை அவரிடம் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. டீச்சரம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"மலை சுத்திட்டு வருது தம்பி. எங்க ஆரம்பிச்சாலும் அங்கியேதான வந்து நிக்கணும்? சுத்தட்டும், புண்ணியம்தான்."

அறிக்கை மணியக்காரருடையது என்றாலும் ஆர்.ஐ.யும் நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும். இப்படி ஸ்தல விசாரணை வந்தது. ஆர்.ஐ. தனியாகப் போக மாட்டார், வாக்குமூலம் எழுத என்னையும் சைக்கிளில் கூட்டிக்கொள்வார். அவர் ஒரு சாப்பாட்டுப் பிரியர். வாக்குமூலத்தைவிட மசால்வடையில்தான் அவருக்குக் கண். விசாரணைக்கு ஆபீசர் வருகிறார் என்றால் நாற்காலி போட வேண்டும், சாட்சி கூட்ட வேண்டும். அதனால் முந்தின நாளே மணியக்காரருக்குச் சொல்லி அனுப்புவதுதான் வழக்கம். மணியக்காரர் தலையாரியை விட்டு மைத்துனருக்குச் சொன்னார். நாங்கள் போய் இறங்கியபோது பந்தல் காலில் வெறும் ஆணிகள்தான் இருந்தன. எவர்சில்வர் டம்ளரும் இரும்பு நாற்காலியும் மாயம். பெஞ்சு கழுவித் துடைத்திருந்தது. அதன் ஒரு முனையில் காலனிக்காரர் இருவர், போட்டோ எடுக்க உட்காரவைத்ததுபோல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஆர்.ஐ.க்கு, எனக்கு, காலனிக்காரர்களுக்கு, டீச்சரம்மாவுக்கு என்று எல்லோருக்கும் ஒரே மாதிரி கண்ணாடிக் கிளாஸில் டீ வந்தது.

"இன்னாம்மா, எல்லாருக்கும் ஒரே கிளாஸ்தானே குடுக்கறாரு?" என்றார் ஆர்.ஐ., வாயில் வடையோடு.

"ஆமா சார். இன்னிக்கு ஒரே கிளாஸ்தான்."

"நேத்து?"

"நேத்து நீங்க வரலியே சார்."

ஆர்.ஐ. இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார். 'புகாரில் உண்மை இல்லை' என்று நான் எழுதினேன். டீச்சரம்மா பெஞ்சைவிட்டு நிதானமாக எழுந்து, கிளாஸைக் கழுவாமல் அப்படியே பலகைமேல் வைத்தார். பஸ்ஸுக்கு நடக்கும்போது முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இன்னிக்கு நல்லா இருந்துச்சு தம்பி. இன்னொரு மனு போடலாம்னு இருக்கேன்."

போட்டார். அது மலை சுற்றி வந்தது. மறுபடி விசாரணை, மறுபடி வடை, மறுபடி ஒரே கிளாஸ், மறுபடி உண்மை இல்லை. மூன்றாவது மனுவுக்கு ஆர்.ஐ. வயிற்றுக்கோளாறால் வரவில்லை, மணியக்காரரே விசாரித்து அனுப்பட்டும் என்று விட்டுவிட்டார். அந்த அறிக்கை என் மேசைக்கு வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மனுவில் இருந்த அதே முத்து முத்தான கையெழுத்து அறிக்கையிலும் இருந்தது. கீழே மட்டும் மணியக்காரர் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அடுத்தமுறை டீச்சரம்மா வந்தபோது கேட்டேன்.

"பாவம் தம்பி அவரு. ஆபீஸ் பாஷை எழுத வராது. பள்ளிக்கூடத்துக்கு வந்து தலையச் சொறிஞ்சிக்கிட்டு நின்னாரு. 'டீச்சர், உங்க மனு பொய்னு எழுதணும், கொஞ்சம் எழுதிக் குடுங்க'ன்னாரு. ஊர்ல யாருக்குத்தான் நான் எழுதிக் குடுக்கல? 'விசாரித்த இன்றைய தினம் உண்மை இல்லை'ன்னு எழுதிக் குடுத்தேன். அன்னிக்கு ஒரு நாள் உள்ள குந்தி குடிச்சது நெஜம்தானே?"

நான் சிரித்து ஓய்வதற்குள் புது தாசில்தார் பொறுப்பேற்றார். அவருக்கு ரத்தக்கொதிப்பு உண்டு, பொறுமை கம்மி. அதற்குள் ஊரிலும் பொறுமை போய்விட்டிருந்தது. இந்த அம்மா ஊர்ப்பெயரைக் கெடுக்கிறார், இவரை ஜவ்வாதுமலைக்குத் தூக்கி அடியுங்கள் என்று பெரிய மனிதர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தக் காலத்தில் ஜவ்வாதுமலை மாற்றல் என்றால் பாதி வழி பஸ், மீதி வழி நடை. டீச்சரம்மா மனம் தளர்ந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் போய்விட்டால் டம்ளர் மதில்மேல் வந்துவிடும், ஆணிகளில் கிளாஸ் ஏறிவிடும், அதோடு அந்தக் கதை முடிந்தது.

தாசில்தார் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் ஃபைலோடு பக்கத்தில் நின்றேன்.

"ஏம்மா, ஒவ்வொரு விசாரணையிலும் பொய்னு வருது. பொய்ப் புகார் கொடுத்தா நடவடிக்கை எடுக்கலாம், தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் எதுக்கும்மா எழுதறீங்க?"

டீச்சரம்மா குடைக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். ஆனால் குரல் வகுப்பில் பாடம் நடத்துகிற குரல்தான்.

"பொய்யாவணும்னுதான் சார் எழுதறேன். நீங்க விசாரிக்கிற அன்னிக்கு என் மனு பொய்யாயிடுது. நீங்க போனதும் நெஜமாயிடுது. என்னிக்கு நீங்க யாரும் வராமலே அது பொய்யா இருக்குதோ, அன்னிக்கு என்னை எங்க வேணா மாத்துங்க. நானே சந்தோஷமாப் போறேன்."

தாசில்தார் என் கையிலிருந்த ஃபைலை வாங்கி மேசைமேல் போட்டார். அவர் கோபத்தில் சொன்னாரா, யோசித்துச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"சரி. ஒரு வாரம் ஆர்.ஐ. தினமும் சாயந்தரம் அந்தக் கடைல போய் உக்காரட்டும். வாரம் பூரா பொய்னு வந்தா, மாற்றலுக்கு நானே எழுதறேன். சம்மதமா?"

"ரொம்ப நன்றி சார்" என்றார் டீச்சரம்மா. வெளியே வந்ததும் என் மேசையில் இருந்த தண்ணீரை மடமடவென்று குடித்தார். மனு பொய்யானால் அவருக்கு மலை, நிஜமானால் மறுபடி மதில்மேல் டம்ளர். இதில் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் அருணாசலேஸ்வரரை நான் பொதுவாகக் கும்பிட்டு வைத்தேன்.

அந்த வாரம் ஆர்.ஐ. வாழ்விலேயே பொன்னான வாரம். தினமும் சூடாக மசால்வடை. ஆனால் அந்தக் கடைக்குப் பின்கட்டு என்று ஒன்று இருந்தது. அங்கே கடைக்காரரின் மனைவி இருந்தார். நாங்கள் யாரும் அவரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கிளாஸ் கழுவுவது அவர். விசாரணை என்றால் ஆணிக் கிளாஸ்களைக் கழற்றி, கூடையில் போட்டு, வைக்கோல் போருக்குள் ஒளித்து வைப்பதும் அவர். ஆபீசர் போனதும் எடுத்து, வைக்கோல் துரும்பு போகக் கழுவி, மறுபடி மாட்டுவதும் அவர்தான். எப்போதோ ஒருநாள் என்றால் பரவாயில்லை. தினமும் என்றதும் அந்த அம்மாவுக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. போதாக்குறைக்கு, சாயங்காலம் ஒரே கிளாஸில் உள்ளே உட்கார்ந்து குடிக்கலாம் என்று தெரிந்த காலனிக்காரர்கள் அந்த நேரம் பார்த்து ஒருவர் விடாமல் வந்துவிட்டார்கள். கடை திருவிழாக் கூட்டமாக இருந்தது.

வாரத்தின் கடைசியில் அது நடந்தது. கட்டை அவிழ்த்துக்கொண்ட எருமை ஒன்று வைக்கோல் பிடுங்கப் போய், போருக்குள் காலை வைத்துவிட்டது. நாங்கள் கடையில் இருக்கும்போதே பின்னாலிருந்து சடசடவென்று சத்தம். கடைக்காரர் முகம் பேயறைந்தது போல் ஆயிற்று. ஆர்.ஐ. வடையைப் பாதியில் நிறுத்தி, "இன்னாய்யா சத்தம்?" என்றார்.

கூடையோடு முன்னால் வந்தார் கடைக்காரர் மனைவி. அத்தனையும் கண்ணாடித் தூள்.

"தோ, கீதே இதான் சத்தம். தெனம் கழட்றதும் நானு, ஒளிக்கிறதும் நானு, கழுவறதும் நானு. குடிக்கிறவங்க எல்லாம் மரியாதையா குந்திக்கினு கீறாங்க. இனிமே தனிக் கிளாஸு வேணும்னா, யோவ், நீயே வாங்கு, நீயே கழுவு, நீயே வெக்கப்போர்ல போய் படுத்துக்கோ. என்னால ஆவாது!"

கடைக்காரர் கையில் டீக்குவளையோடு அப்படியே நின்றார். பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உடனே எல்லோரும் சிரித்துவிட்டார்கள், ஆர்.ஐ. உள்பட. டீச்சரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டம்ளரு?" என்று கேட்டார் மெதுவாக.

"அதை அரிசி அளக்க எடுத்துக்கினேன் டீச்சர். நல்ல டம்ளரு, மதில்மேல கெடந்து வீணாப்போவுது."

எப்போதும்போல் நான் எழுதினேன்: புகாரில் உண்மை இல்லை.

விசாரணை முடிந்தது. திங்கட்கிழமை எனக்கு அந்த ஊரில் எந்த வேலையும் கிடையாது. ஆனாலும் அரைநாள் லீவு போட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். இனி அங்கே எந்த ஆபீசரும் வரப்போவதில்லை. தலையாரி யாருக்கும் சேதி சொல்லவில்லை. இதுதான் நிஜமான விசாரணை என்று எனக்குத் தோன்றியது.

நாலரைக்குப் பள்ளி விட்டது. டீச்சரம்மா வந்து, பழக்கதோஷத்தில் வேப்பமரத்தடியில் நின்றார். நாற்காலி அங்கே இல்லை. குடையை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார். அவ்வளவு மனு போட்ட மனுஷிக்கு அந்த நாலு எட்டு நடக்க முடியவில்லை. கடைக்காரர் பாலை ஆற்றுவதுபோல் ஆற்றிக்கொண்டே இருந்தார், தலையைத் தூக்கவில்லை.

பின்கட்டிலிருந்து அந்த அம்மா எட்டிப் பார்த்தார். "இன்னா டீச்சர், அங்கியே நிக்கறீங்க? உள்ள வந்து குந்துங்க."

டீச்சரம்மா உள்ளே வந்து உட்கார்ந்தார். பெஞ்சிலிருந்த பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போனார். யாரும் அவரைத் தடுக்கவில்லை, யாரும் அவர் பின்னால் போகவும் இல்லை. கண்ணாடிக் கிளாஸில் டீ வந்தது. டீச்சரம்மா ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது. இன்னொரு வாய் குடித்தார். என் பக்கம் சாய்ந்து, கடைக்காரருக்குக் கேட்காமல் சொன்னார்:

"தம்பி, இவ்ளோ மோசமான டீக்கா இத்தினி மனு போட்டேன்? ஆத்திரத்துல இவ்ளோ நாளா ருசியே தெரியலியே!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "இன்னொரு டீ போடுங்க" என்றார் சத்தமாக.

மாற்றல் உத்தரவு மறு மாதம் என் மேசை வழியாகத்தான் போனது. தாசில்தார் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். அந்தக் காகிதத்தில் முத்திரை குத்தும்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையே ஆடியது. ஜெயித்தவருக்கா தண்டனை என்று யாரிடம் போய்க் கேட்பது?

புறப்படுவதற்கு முன்னால் டீச்சரம்மா வந்தார். வழக்கம்போல் ஆபீசே டீ குடிக்கப் போயிருந்தது. குடையைச் சாய்த்து வைத்தார், பேப்பர் விரித்தார், கடலையைக் கொட்டினார். அன்றைக்கு வறுத்த கடலை.

"டீச்சரம்மா, இதை எதிர்த்து ஒரு மனு போடுங்க. நானே வேலூருக்கு எடுத்துக்கினு போறேன்" என்றேன்.

"எதுக்கு? நான் குடுத்த வாக்குதானே தம்பி. மனு பொய்யாயிடுச்சி, நான் போவணும்." கடலையை என் பக்கம் நகர்த்தினார். "விசாரிச்சிட்டேன். மலைமேல பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல டீக்கடை ஒண்ணு இருக்குதாம்."

குடையைக் கையில் எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் கேட்டார்:

"உன்கிட்ட வெள்ளைத்தாள் நாலு இருக்குமா?"